பலாப் பலகைத் தோணி

எங்கள் ஆட்களுக்கு மலை ஏறத் தெரியும். அட்டைக்கடியோடு புல் வெட்டத் தெரியும். பொழுது விடிகிற நேரத்தில் ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் இறக்கத் தெரியும். தண்ணீரில் மிதக்கிற சாமான் ஒன்றைச் செய்யச் சொன்னால் மட்டும் ஆளாளுக்குத் தலையைச் சொறிவார்கள். நான் சொல்வது புளத்கொகுபிட்டியவுக்கு உள்ளே, ஓயா என்கிற ஆற்றுக்கு இந்தப் பக்கம் கிடக்கும் எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிசனை. ஒற்றை அறைகளை வரிசையாகக் கட்டிய சில லயங்கள், ஒரு மாரியம்மன் கோயில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளைக் காம்பரா, சுற்றிலும் ரப்பர். கடை, பள்ளிக்கூடம், டிஸ்பென்சரி, பஸ் எல்லாம் அக்கரையில். நடுவில் ஒரு தொங்குபாலம் இருந்தது.

அந்தப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோன அன்றைக்குத்தான் என் அக்காவின் புருஷனும் போனார். ‘போனார்’ என்று இப்போது எழுதிவிடுகிறேன். அன்றைக்கு இந்தச் சொல் அக்கா காதில் விழுந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்திருப்பாள். உடம்பு கிடைக்கவில்லை. பாலத்தில் அவர் கால் வைத்ததைப் பார்த்தவர்களும் இல்லை. அதனால் அவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்பது அவள் கட்சி. ஊருக்கு அது பைத்தியமாகத் தெரிந்தது. எனக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் பாவமாக இருந்தது, அப்புறம் இரண்டும் ஒன்றாகவே வந்தன.

நானும் அக்காவும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருக்கிறோம். நான் அக்கரைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அக்கா பால் வெட்டுகிறாள். மச்சான், அதாவது அக்கா புருஷன், ஸ்டோரில் ரப்பர் ஷீட் அடிப்பவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் சத்தம் இல்லாமல் போய்விடக் கூடாது என்றுதான் இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறார்கள் என்று லயத்தில் கேலி செய்வோம். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் எட்டாது. ஆகவே அவர்கள் சண்டை முழுவதும் எனக்கும் பாத்தியப்பட்டது.

அன்றைய சண்டை பலகையால் வந்தது. தோட்டத்து ஆட்களுக்குத் தனி வீடு கட்டக் காணி தருவார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்ட காலத்தில், மச்சான் அக்கரையில் விழுந்த ஒரு பலாமரத்தை அறுத்து நல்ல நல்ல பலகையாக வாங்கி வந்து பரணில் அடுக்கிவிட்டார். வரப்போகிற வீட்டுக்குக் கதவும் ஜன்னலும் செய்யவாம். வீடு வரவில்லை. பலகை மட்டும் மஞ்சள் நிறம் மாறிப் பழுப்பாகிக்கொண்டு அவர்கள் தலைக்கு மேலேயே கிடந்தது. மே மாதத்து வெசாக் மழை விடாமல் பெய்து, பால்வெட்டு நின்று, எல்லாரும் வீட்டில் முடங்கிக் கிடந்த ஒரு காலையில் கூரை ஒழுகி அக்காவின் அடுப்பு அணைந்தது. அவளுக்கு வாய் நிற்கவில்லை.

“வீட்டுக்குக் கதவு செய்யப் போறாராம் கதவு! ஒழுகுற தகரத்த மாத்த வக்கில்ல, இல்லாத வீட்டுக்கு இவரு கதவு போடுறாரு.”

வக்கில்லை என்ற சொல் மச்சானைச் சுட்டுவிட்டது. “சரி, நான் கொழும்புக்கே போயிடறேன். நீ நல்லா இரு” என்றார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒவ்வொரு சண்டைக்கும் அவர் கொழும்புக்குப் போவார். பாலத்தைத் தாண்டிக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார். அதுதான் அவருடைய கொழும்பு.

அன்றைக்கும் கடைக்குத்தான் போயிருக்கிறார். மத்தியானம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து கதைத்திருக்கிறார். கிளம்பும்போது இரண்டு மாலுபான் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டதாகக் கடைக்காரர் சொன்னார். மீன் வைத்த அந்த பன் என்றால் அக்காவுக்கு உயிர். ஓயா குமுறிக்கொண்டு வருகிறது, இப்போது பாலத்தில் போக வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னாராம். ‘தாங்கும் முதலாளி, நம்மளத் தாங்காத பாலமா’ என்று சொல்லிவிட்டு மழைக்குள் நடந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கம்பி அறுந்த சத்தம் இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்டது. மண்மேடு சரிந்துவிட்டதென்று நினைத்தோம்.

நாள்கணக்கில் தேடினார்கள். பாலத்துப் பலகை கிடைத்தது, யாருடைய மாடோ ஒன்று கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. மாலுபான் கதையைக் கேட்டதும் எங்கள் எல்லாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. பொண்டாட்டிக்குப் பிடித்ததை வாங்கிக்கொண்டவர் வேறெங்கே போவார்? அக்காவுக்கு மட்டும் அது நேர்மாறாக விளங்கியது.

“பஸ்ல போறவங்க வழிக்குச் சாப்பிட ரெண்டு பன் வாங்க மாட்டாங்களா? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருடி. நான் பேசின பேச்சு அப்புடி. கோவம் ஆறினா வருவாரு.”

அவர் செத்துவிட்டார் என்றால், கடைசியாக அவர் காதில் விழுந்த அவள் சொல் அந்த ‘வக்கில்ல’ தான். கோபித்துக்கொண்டு போனார் என்றால் அதைத் திருத்திக்கொள்ள இன்னும் வழி உண்டு. அவள் எதைப் பிடித்துத் தொங்குகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததனால் பேசவும் முடியவில்லை.

வரக்காப்பொலச் சந்தையில் அவரைப் பார்த்ததாக ஒருத்தன் வந்து சொன்னான். அக்கா அன்றைக்கே என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஆளைக் கண்டுபிடித்தும் விட்டோம். வெங்காய மூட்டை தூக்குகிற ஒருவர், பின்னாலிருந்து பார்த்தால் அதே சாய்ந்த தோள், அதே நடை. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்து, “மொகத நங்கி?” என்று சிங்களத்தில் கேட்டார். என்ன தங்கச்சி என்று கேட்ட அந்தக் குரலில் கோபம் கூட இல்லை. அக்கா மன்னிப்புக் கேட்கக் கூட மறந்து, பிடித்த சட்டையை நீவிவிட்டுக்கொண்டே நின்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

கருமாதி பற்றிப் பேச்செடுத்தார்கள். உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து கொளுத்திக் காரியம் முடிக்கலாம் என்று பூசாரி வழி சொன்னார். சொந்தக்காரர்களும் அதுதான் முறை என்றார்கள். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“புல்லக் கொளுத்திட்டு நான் பொட்ட அழிக்கணுமா?”

அப்படியே ஆறேழு மாதம் ஓடியது. பாலம் கட்டித் தருவதாக வந்தவர்கள் எல்லாரும் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். ஓயாவின் அகலம் எங்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். பாலத்தைத்தான் காணோம். சுற்றுப்பாதையில் போனால் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். கர்ப்பிணிப் பெண்களை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் போனார்கள். நீரில் இறங்கிக் கடக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. கொஞ்சம் கீழே கரண்ட் எடுக்க ஒரு சின்ன அணை கட்டியிருக்கிறார்கள். மழை இல்லாத காலத்திலும் எங்கள் துறையில் தண்ணீர் ஓடாமல் ஆழமாகத் தேங்கி நிற்கும். ஒரு தோணி இருந்தால் போதும் என்ற யோசனை அப்போதுதான் கோயில் கமிட்டியில் பிறந்தது.

யோசனை பிறந்ததே தவிர நடக்கவில்லை. எங்கள் கமிட்டி எப்போதும் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். தோணி யார் செய்வது, மரம் எங்கே, கவிழ்ந்தால் யார் பொறுப்பு என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார்கள். மரத்துக்கு என்ன செய்வது என்று மூன்றாம் தடவையாக அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

“பரண்ல பலாப் பலகை இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சானின் பலகையைத் தூசி தட்டக் கூட யாரையும் விடாதவள் அவள். மறுநாள் பையன்கள் வந்து பலகையை இறக்கும்போது அவளே முந்தானையால் ஒவ்வொன்றையும் துடைத்துக் கொடுத்தாள். மனசு தேறிவிட்டாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

அக்கரைச் சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு தச்சு பாஸை, அதாவது தச்சு மேஸ்திரியை, கூட்டி வந்தோம். நல்ல கைக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார், ஒரு குறைதான். தோணி செய்து பழக்கமில்லை. கதவு, ஜன்னல், பிணப்பெட்டி மூன்றும் தவிர வேறெதுவும் செய்ததில்லை. இளமையில் களனி கங்கைப் பக்கம் ‘ஒருவ’ பார்த்திருக்கிறாராம். தோணிக்குச் சிங்களத்தில் ஒருவ என்பார்கள். பார்த்ததை வைத்துச் செய்துவிடலாம் என்றார். கல்யாணம் பார்த்தவன் எல்லாம் மாப்பிள்ளையா என்று நான் முணுமுணுத்தேன். வேறு ஆளும் கிடையாது.

துறைக்குப் பக்கத்தில் தகரம் போட்டு வேலை தொடங்கினார். பலகைக்கு ஈரச்சாக்கு போர்த்தி, கீழே ரப்பர் விறகில் தணல் போட்டு, சூடேறச் சூடேறக் கயிறு கட்டி முளையில் இழுத்து வளைத்தார். இழுக்கும்போது பலகை முனகும். வெடித்துவிடுமோ என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். வெடிக்கவில்லை. எனக்கே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. ஆனால் அடிப்பலகை வைத்து இரண்டு பக்கமும் நிறுத்திய அன்றைக்குத்தான் வினை வந்தது. தலைப்பக்கம் அகலம், கால்பக்கம் ஒடுக்கம். பார்த்த எல்லாருக்கும் ஒரே நினைப்புத்தான். ஒருத்தன் வாயை அடக்க முடியாமல் சிரித்தும்விட்டான்.

“யாருக்கு பாஸ் அளவெடுத்தீங்க?”

அந்த நேரம் பார்த்து அக்கா தேத்தண்ணிக் கேத்தலோடு வந்து நின்றாள். சிரித்தவன் மற்றவர்களுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டான். பாஸுக்கு முகம் கறுத்துப் போயிற்று.

“அனே அக்கே, கை பழக்கம். கை அந்தப் பக்கமே போகுது” என்றார்.

அக்கா கேத்தலைக் கீழே வைத்தாள். பெட்டி மாதிரி நின்ற பலகையை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கூரா வைங்க பாஸ். எது தல, எது காலுன்னு தெரியக் கூடாது.”

பாஸ் தேத்தண்ணியைக் கூடத் தொடவில்லை. அப்போதே ஆணியைப் பிடுங்கத் தொடங்கினார். முழு வேலையையும் பிரித்து, இரண்டு முனையும் கூராக வரும்படி புதிதாகச் செய்தார். வேலை இரட்டிப்பு. ஆனால் தோணிக்கு ஓர் அழகு வந்தது அதற்குப் பிறகுதான்.

பலகைக்குப் பலகை நடுவில் இருக்கும் இடுக்கை அடைக்கத் தார் வாங்க வேண்டும் என்றார் பாஸ். அங்கேதான் எங்கள் ஆட்களின் மூளை வேலை செய்தது. பால் ஓடுகிற ஊரில் தார் எதற்கு என்றார்கள். ரப்பரில் தண்ணீர் இறங்காது, எங்கள் கை படாத ரப்பரா என்றார்கள். தேங்காய்த் தும்பை இடுக்கில் திணித்து, வாளி வாளியாகப் பாலைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். பால் சீக்கிரம் இறுகட்டும் என்று, ஸ்டோரில் செய்கிற மாதிரி அசிட்டும் கலந்தார்கள். மறுநாள் பார்த்தால் தோணியின் உட்புறம் முழுக்க வெள்ளை வெளேரென்று தயிர் மாதிரி உறைந்து கிடந்தது. எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை.

தண்ணீரில் இறக்கினோம். தோணி மிதந்தது. இரண்டு பையன்கள் ஏறி உட்கார்ந்தார்கள். கைதட்டி முடிப்பதற்குள் அடியிலிருந்து தண்ணீர் பொங்கி வந்தது. அதோடு, உறைந்த ரப்பர் முழுவதும் பலகையை விட்டு ஒரே தோலாகக் கழன்று மேலே மிதந்து வந்து, அந்த இரண்டு பேர் மடியிலும் போர்வை மாதிரி ஏறிக்கொண்டது. அசிட் போட்டால் பால் தட்டில் ஒட்டாது, அதனால்தான் ஷீட்டை முழுசாக உரிக்க முடிகிறது. தலைமுறை தலைமுறையாக அந்த வேலையையே செய்கிற ஆட்களுக்கு அது நினைவில்லை. தோணி உள்ளே போக, பையன்கள் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள்.

அக்கா சிரித்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். வீட்டுக்கு மேடேறும்போதும் நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

“அவரு வந்து கேட்டா எப்புடிச் சொல்றது, அசிட் ஊத்தினோம்னு? விழுந்து விழுந்து சிரிப்பாரு.”

நான் நின்றுவிட்டேன்.

“யாரு வந்து?”

“யாரா? ஒன் மச்சான்தான்.” திரும்பிப் பார்த்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை. “பாலமில்லாம அவரு அக்கரையில வந்து நின்னா என்னடி பண்ணுவாரு? நீச்சலும் தெரியாது. சுத்துப்பாதையில வர்ற ஆளா அவரு? ரோசக்காரரு. ஏற்கெனவே ஒரு தடவ வந்து பாத்துட்டு, பாலமில்லேன்னு திரும்பிப் போயிருந்தாலும் போயிருப்பாரு. அதான் பலகையக் குடுத்தேன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊருக்காக அவள் தோணி செய்யவில்லை. பிள்ளைகளுக்காகவும் இல்லை, எனக்காகவும் இல்லை. அந்த ஓர் ஆள் வந்தால் ஏறி வருவதற்கு ஒரு வழி செய்துகொண்டிருக்கிறாள். தோணி முடிந்து, ஓடத் தொடங்கி, ஒவ்வொரு நாளும் யார் யாரையோ ஏற்றிக்கொண்டு வரும். அவர் மட்டும் வரமாட்டார். அதைப் பார்த்துக்கொண்டு இவள் எப்படி உயிரோடு இருப்பாள்? அந்தத் தோணி முடியாமலே போகட்டும் என்று அன்றைக்கு நான் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

அம்மன் கேட்கவில்லை. தோணியை வெளியே இழுத்துக் காயவைத்து, இரண்டாம் தடவை அசிட் கலக்காமல், உறையாமலிருக்க அமோனியா போட்ட பாலில் மரத்தூளைக் குழைத்து, பூசிப் பூசிக் காயவிட்டார்கள். அது பலகையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்லி, பொங்கல் முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை தோணி விடுவதென்று கமிட்டித் தலைவர் நாள் குறித்தார்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் அவரே இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு என் காம்பராவுக்கு வந்தார். உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார், மழை பற்றிப் பேசினார். விஷயம் வேறு என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நல்ல காரியம். மொதமொதல்ல தண்ணியில விடுறோம். ஆரத்திய ஒரு சுமங்கலி எடுக்கணும். அக்கா அன்னைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னா நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“அவ பலகை ஆகும். அவ ஆகாதா?”

“அப்புடி இல்லீங்க டீச்சர். சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல.”

“எந்தச் சாஸ்திரத்துல தோணிக்குப் பூச சொல்லியிருக்கு? காட்டுங்க பாப்போம். எங்கக்கா கழுத்துல தாலி இருக்கு, நெத்தியில பொட்டு இருக்கு. புருஷன் செத்துட்டாருன்னு ஒங்ககிட்ட யாரு வந்து சொன்னா? பொணத்தப் பாத்தீங்களா? ஆரத்தி அவதான் எடுப்பா. இல்லேன்னா பலகையெல்லாத்தையும் கழட்டிப் பரண்ல அடுக்கிட்டுப் போங்க!”

கத்திவிட்டேன். அவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சரி டீச்சர், அவங்களே எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் எதைச் சொல்லி ஜெயித்தேன்? நான் ஒரு நாளும் நம்பாத அவள் கட்சியை அவளை விடச் சத்தமாகப் பேசியிருக்கிறேன். மூன்று ஆண்கள் வந்து என் அக்காவைத் தள்ளி நில் என்றதை என்னால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவர்கள் போன பிறகுதான், சுவர் கூரைக்கு எட்டாது என்பது எனக்கு உறைத்தது. அடுத்த காம்பராவில் அக்காவின் அடுப்புச் சத்தம் நின்று போயிருந்தது.

மறுநாள் தண்ணீர்ப் பீலியில் அக்கா, “அவங்களோட எதுக்கு வாய் குடுக்குற?” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தேன். தோணிக்கு மஞ்சள் பூசி, சந்தனப் பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். எங்கள் பூசாரிக்கு லொறிக்கும் திறீவீலுக்கும் பூசை போட்டுத்தான் பழக்கம். அதே கையோடு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து, சக்கரத்தைத் தேடி, இல்லையென்று தெரிந்ததும் தோணியின் மூக்குக்குக் கீழே வைத்தார். தள்ளும்போது பழம் நசுங்கியது. எல்லாரும் சிரித்தார்கள். தேங்காய் உடைத்தார்கள், பிள்ளைகள் சிதறு தேங்காய்க்கு விழுந்தடித்தார்கள். அக்காவும் குளித்து, பச்சைச் சேலை கட்டி, பெரிய பொட்டு வைத்து, ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றாள். அழகாக இருந்தாள். கமிட்டி ஆட்கள் விலகி வழி விட்டார்கள்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். தோணி முதலில் அக்கரைக்குப் போகட்டும், அங்கிருந்து வருகிறவர்களுக்குத்தான் ஆரத்தி. ஏன் என்று கேட்டவர்களுக்கு, போகும்போது ஆரத்தி எடுப்பார்களா, வரும்போதுதானே எடுப்பார்கள் என்றாள். நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். யாருக்காகக் கேட்டாள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

இரண்டு பையன்கள் துடுப்புப் போட்டார்கள். தோணி முதலில் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு சமாளித்து, நேராகப் போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அக்கரையில் கூட்டமாக நின்றார்கள். கடைக்காரர், பாஸ், என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கிளினிக்குக்குப் போய்விட்டு நின்ற ஒரு தாய், பஸ்ஸில் வந்து இறங்கிய இன்னும் சிலர். அக்கா தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள் என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

தோணி திரும்பியது. பாஸ் இருந்தார், கைக்குழந்தையோடு அந்தத் தாய் இருந்தாள், கடைக்காரர் இருந்தார். கடைக்காரருக்குப் பயம், கண்ணை மூடிக்கொண்டு பலகையை இறுகப் பிடித்திருந்தார். வேடிக்கை முடிந்ததென்று அக்கரையில் மற்றவர்கள் கலைந்து போனார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடப் பக்கம் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கரையில் ஒருவரும் இல்லை. பாலத்துக்குக் கட்டியிருந்த பழைய சீமெந்துத் தூண் மட்டும் வெயிலில் நின்றது. தோணி பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அக்கா தோணியைப் பார்க்கவில்லை. அந்த வெறும் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இமை கூடக் கொட்டவில்லை.

தோணியின் மூக்கு மணலில் முட்டியது. கைதட்டல், குலவை, ஒரே சத்தம். தலைவர் தாமே குனிந்து தட்டில் இருந்த சூடத்தைக் கொளுத்தினார். அவருக்கும் மனசு இளகிவிட்டது போலும்.

“எடு தாயி. நீயே எடு.”

அக்கா அசையவில்லை. சூடம் எரிந்துகொண்டிருந்தது. தோணிக்குள் பாஸும் மற்றவர்களும் இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். அப்போது அவள் என் பக்கம் திரும்பித் தட்டை நீட்டினாள்.

“இந்தா, நீ எடு. நான் எடுக்கக் கூடாது.”

“அக்கா, யாரும் ஒண்ணும் சொல்லல. அவங்களே எடுக்கச் சொல்றாங்க.”

“எனக்குத் தெரியும்டி. அவங்க சொல்லி இல்ல.” தட்டை என் கைக்குள் வைத்து, என் விரலை அதன் விளிம்பில் அழுத்திப் பிடிக்க வைத்தாள். “புள்ளக்காரி வெயில்ல நிக்கிறா. எடு.”

தட்டு சாய்ந்து மஞ்சள் தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. அவள் தேற வேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பேன். அது இப்படி என் கண்முன்னால், ஊருக்கு நடுவில், அவள் கையாலேயே நடக்கும்போது, வேண்டாம் அக்கா, அவர் வருவார், நீயே வைத்துக்கொள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. சூடம் அணைவதற்குள் மூன்று சுற்று சுற்றினேன். கண்ணீரில் எனக்குத் தோணியும் தெரியவில்லை, ஆட்களும் தெரியவில்லை.

சுற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். இப்படியான காரியங்களுக்குத் தாலியறுத்த பெண்கள் முன்னால் வரமாட்டார்கள். அன்றைக்கும் எங்கள் லயத்து மூன்று பேர் தூரத்தில், ரப்பர் மர நிழலில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர்கள் இருந்த இடத்துக்கு நடந்து போனாள். அவர்கள் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.